பூ ஊருக்கு, பட்டை சேரிக்கு

ஆவாரம்பூவுக்கு இப்போது நல்ல காலம். நாட்டு மருந்துக்கடை மூலையில் சாக்கில் கிடந்த காய்ந்த பூ, கண்ணாடி ஜாடிக்குள் ஏறி, 'பாரம்பரிய மூலிகைத் தேநீர்' என்று பேர் வாங்கிக்கொண்டு இயற்கை அங்காடிகளில் உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை வியாதிக்கு ஆவாரைக் குடிநீர், மேனி பளபளக்க ஆவாரம்பூக் குளியல் பொடி. பொங்கல் வந்தால் போதும், 'தமிழர் மரபில் ஆவாரை' என்று இணைப்பு மலர்களில் ஒரு கட்டுரை கட்டாயம் வந்துவிடும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டுப் பூப் பட்டியலில் ஆவிரை இருக்கிறது, மடலேறப் போகிற காதலன் பனைமடல் குதிரையில் ஆவிரையும் எருக்கும் பூளையும் சூடிக்கொண்டு வருகிறான், போகியன்று நிலைப்படியில் வேப்பிலையோடும் கண்ணுப்பிள்ளைப் பூவோடும் சேர்த்துச் செருகுகிறோம், கொங்கு நாட்டில் அதையே காப்புக் கட்டு என்கிறார்கள், மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் மாலை போடுகிறோம். இவ்வளவும் எழுதுவார்கள். எழுதிவிட்டு, 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியைப் போட்டு முடித்துவிடுவார்கள்.

எல்லாம் நிசம்தான். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் தோழர்களே, இந்தக் கட்டுரைகளில் பத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பூ இருக்கும், இலை இருக்கும், வேர் இருக்கும், விதை இருக்கும். பட்டை இருக்காது. இருந்தால் 'பட்டை தோல் பதனிடவும் பயன்படும்' என்று ஒரு வரி, கடைசியில், கை கழுவுகிற மாதிரி. அந்த 'உம்' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தச் செடிக்கு வெள்ளைக்காரன் வைத்த பேரே 'டேனர்ஸ் காஸியா'. தோல் பதனிடுகிறவனின் செடி என்று அர்த்தம். லின்னேயஸ் 1753இல் அதன் காது போன்ற இலையடிச் செதிலைப் பார்த்துப் பேர் வைத்தார். வியாபாரி பட்டையைப் பார்த்துப் பேர் வைத்தான். நம்ம நாட்டார் வழக்காற்று அறிஞர் மட்டும் பூவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பூ ஊருக்குள்ளே வருகிறது. பட்டை சேரியில் இருந்த குழிக்குள்ளே போனது. நாட்டார், நாட்டார் என்கிறீர்களே, அந்த நாட்டில் ஊர் வேறு சேரி வேறு என்பது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். 'நாட்டார்' என்ற சொல்லின் சௌகரியமே அதை மறைத்துக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது. படியாள் விடியற்காலையில் கரட்டில் ஏறி ஒடித்துக்கொண்டு வந்து ஆண்டை வீட்டு வாசலில் போட்ட பூ, நிலைப்படியில் ஏறின அந்த நிமிஷமே 'தமிழர் பண்பாடு' ஆகிவிடுகிறது. ஒடித்தவன் நிலைப்படிக்கு வெளியே நிற்கிறான்.

ஒரு மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தை மாசம் அதன் கொம்புக்கு வண்ணம் அடித்து, கழுத்தில் ஆவாரம்பூ மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறார்கள். கும்பிடுகிறார்கள். அதே மாடு நாலு வருஷம் கழித்துச் சாகிறது. செத்த நிமிஷத்தில் அது தெய்வம் இல்லை, தீட்டு. சேரிக்கு ஆள் போகிறது. நம்ம ஆள் வந்து இழுத்துக்கொண்டு போய், தோலை உரித்து, கழுவி, சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிரையும் சதையையும் சுரண்டி எடுத்து, கடைசியில் ஆவாரம் பட்டைக் குழியில் இறக்குகிறான். ஆக ஒரே செடி ஒரே மாட்டை இரண்டு தடவை சந்திக்கிறது. உயிரோடு இருக்கும்போது பூவாக, ஊரின் கையால். செத்த பிறகு பட்டையாக, சேரியின் கையால். முதல் சந்திப்புக்கு விழா, பாட்டு, ஆய்வுக் கட்டுரை, தொலைக்காட்சிப் படம். இரண்டாவது சந்திப்புக்கு நாற்றம் என்று பேர்.

அந்த இரண்டாவது சந்திப்பில் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும், யாரும் சொல்வதில்லை என்பதால்.

ஆவாரங்குச்சியை வெட்டிவந்து கல்லில் வைத்து மரக்கட்டையால் தட்டினால் பட்டை விட்டுக்கொடுக்கும். உரித்துக் காயவைத்து, துண்டு போட்டு இடித்துத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். காய்ந்த பட்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 பங்கு டானின். அந்தத் துவர்ப்புதான் தோலுக்குள்ளே போய் அழுகலைத் தடுத்து, தோலைப் பொருளாக்குகிறது. எடுத்த எடுப்பில் கெட்டியான சாற்றில் போட்டால் மேல்பக்கம் மட்டும் இறுகிப்போய் உள்ளே பச்சையாக நின்றுவிடும். அதனால் முதலில் பழைய, இளத்த சாறு, பிறகு புதுச் சாறு என்று குழி மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் புரட்டி, மிதித்து எடுக்கவேண்டும். இன்னொன்று. ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் செக்கச் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போடவேண்டும். இது யார் கண்டுபிடித்தது? எந்த ஏட்டில் இருக்கிறது? எந்த முனிவர் சொன்னார்? பல தலைமுறையாகக் குழியில் கையை விட்டு, தோலை மடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டது. வேதியியல் என்று பேர் தெரியாமல் செய்த வேதியியல். தோல் பதனிட்ட மாதிகர்களை 'அடித்தள விஞ்ஞானிகள்' என்று காஞ்சா அய்லய்யா 2009இல் எழுதினார். சரியான பேர். எழுதியவர் நாட்டார் துறைப் பேராசிரியர் இல்லை, அரசியல் அறிவியல்காரர் என்பதைக் கவனியுங்கள்.

(பறைக்குப் போடுகிற தோல் வேறு. அது பட்டைக் குழிக்குப் போவதில்லை, பச்சைத் தோலை மயிர் நீக்கி இழுத்துக் கட்டுவது. ஆவாரையில் பதனிட்டால் தோல் மெத்தென்று ஆகிவிடும், சத்தம் வராது. எந்தத் தோலை எதற்கு என்று பிரிக்கத் தெரிந்ததும் அதே கைதான்.)

அந்தத் தோல் எங்கே போனது? கிணற்றில் கவலை இறைத்தார்களே, அந்தச் சாலின் தோல் இல்லாமல் ஒரு குழி நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்திருக்குமா? மாட்டுக்கு வார், வண்டிக்கு வார், ஆண்டையின் காலுக்குச் செருப்பு. அந்தச் செருப்பைத் தைத்தவன் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. தீண்டத்தகாதவன் பதனிட்ட தோல் வழியாக வந்த தண்ணீரில் விளைந்த நெல் தீண்டத்தக்கது! இந்தத் தர்க்கத்தைக் கட்டுடைக்கத் தெரிதா வேண்டியதில்லை, ஒரு கிணற்றடியில் நின்று யோசித்தால் போதும்.

நான் இருக்கிற பக்கம் பனமலை, செஞ்சி வட்டாரம். பாறையும் புன்செய்யும் ஏரியுமான ஊர்கள். பனமலைக் குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் ஒரு பார்வதி ஓவியம் மிச்சம் இருக்கிறது. அதைப் பார்க்க அறிஞர்கள் வருகிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், போகிறார்கள். வரும் வழியெல்லாம் கல்லிடுக்கில் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அந்தச் செடியின் பட்டைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று அவர்களில் யாருக்காவது தோன்றியிருக்குமா தெரியாது.

செஞ்சிக்கோட்டை என்றால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான்துர்க்கம் என்று மூணு மலை சொல்வார்கள். நாலாவதாக ஒரு சின்ன மலை உண்டு. ஆங்கில வரலாற்று நூல்களில் அதன் பேர் சக்கிலிதுர்க்கம், சாமார் டிக்ரி. இரண்டுக்கும் பொருள் ஒன்றே, தோல் வேலைக்காரர்களின் குன்று. அருந்ததியர் மக்களை இழிவுபடுத்தச் சொன்ன சொல்லே மலைக்குப் பேராக நிற்கிறது. அந்தச் சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அந்த மலையும் இல்லாமல் போய்விடும். அப்படித்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்? 2025 ஜூலையில் 'மராத்திய இராணுவ நிலத்தோற்றங்கள்' என்ற பேரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. கொண்டாட்டம்தான். 1677இல் சிவாஜி பிடித்தார், 1698இல் மொகலாயர் பிடித்தார்கள், 1714இல் தேசிங்கு செத்தான், 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் இங்கிலீஷ்காரன். பிடித்தவன் பேரெல்லாம் மனப்பாடம். தேசிங்கின் குதிரைக்குக்கூடப் பேர் உண்டு, பாராசாரி. அந்தக் குதிரையின் சேணத்தை யார் தைத்தார்கள்? கடிவாளத்தின் வாரை யார் பதனிட்டார்கள்? இத்தனை குதிரைப்படைக்கும் சேணம், வார், செருப்பு, தண்ணீர்ப் பை என்று தோல் இல்லாமல் எந்த இராணுவமும் ஒரு நாள் நகர்ந்திருக்காது. அதற்கு ஒரு குன்றே சாட்சியாக நிற்கிறது. இராணுவ நிலத்தோற்றமாம்!

வெள்ளைக்காரன் காலத்துக்கு வாருங்கள். மதராஸ் மாகாணத்தில் ஆவாரையில் பதனிட்ட மாட்டுத்தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று தனிப் பேர், தனி விலை. மதராஸ் மாகாணத்தின் தோல் தொழில் பற்றி ஆல்பிரட் சாட்டர்டன் 1904இல் தனி நூலே எழுதினார். முதல் உலகப் போர் வந்தபோது இந்தத் தோல் முழுவதையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது, பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்காக. பிரான்ஸ் தேசத்துப் பதுங்குகுழிச் சேற்றில் மிதித்த பூட்ஸில் நம்ம கரட்டு ஆவாரையின் துவர்ப்பு இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பல்லாவரம், திண்டுக்கல் என்று தோல் ஷாப்புகள் பெருகின. முதல் போட்டவர்கள் பெரும்பாலும் வணிகர்கள், குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் நம்ம சனம். இலாபம் ஏற ஏற முதலாளிக்குத் தோல் தீட்டாக இல்லாமல் போனது. தொழிலாளிக்கு மட்டும் தீட்டு அப்படியே இருந்தது.

பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. ஆவாரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு டானின். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்த மரத்தையே நட்டார்கள். குரோம் உப்பு வந்தது. வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிந்தது. குரோம் லெதர் கம்பெனியின் பேரில் ஒரு ஊரே உண்டாயிற்று, குரோம்பேட்டை. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். அறிவு குழியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு மாடியேறிப் போனது. கழிவு கீழே இறங்கிப் பாலாற்றுக்குப் போனது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. 2015 ஜனவரி கடைசியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று கேட்கிறீர்களே. ஆமாய்யா, கண்டோம்.

இங்கே ஒரு தோழர் மறித்துக் கேட்பார் என்று தெரியும். "அந்த நாத்தத்தை விட்டு வெளியே வரத்தானே போராடினோம். இப்ப நீயே போய்க் குழியைக் கிளறி, இதுதான் நம்ம பண்பாடுன்னு மாலை போடுறியா?" நியாயமான கேள்வி. பறை விஷயத்தில் நமக்குள் நடந்த சண்டை இதேதான். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று போட்டு உடைத்ததும் விடுதலைதான், மேடையில் ஏற்றி அடித்ததும் விடுதலைதான் என்று இரண்டு பக்கமும் பேசினோம்.

அம்பேத்கர் இதில் தெளிவாக இருந்தார். 1927இல் மகாத் மாநாட்டில், செத்த மாட்டை இழுக்காதே, தின்னாதே என்றார். 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரியில் பேசும்போது பழைய கதை ஒன்றைச் சொல்கிறார். மகர்கள் மாடு இழுப்பதை விட்டால் தோல், கொம்பு, எலும்பு விற்று வரும் காசு போய்விடுமே என்று 'கேசரி' பத்திரிகையில் ஒருவர் கணக்குப் போட்டு எழுதினாராம். அவ்வளவு வருமானம் என்றால் நீங்களே குடும்பத்தோடு வந்து இழுங்கள், மேற்கொண்டு நான் பணம் தருகிறேன் என்பது அம்பேத்கர் கொடுத்த பதில். காந்தி 1934இல் 'ஹரிஜன்' பத்திரிகையில் கிராமத் தோல் தொழிலைப் பற்றி எழுதினார். தொழிலைச் சுத்தப்படுத்தலாம், மேம்படுத்தலாம், கிராமத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று. யார் செய்வது என்ற கேள்வி மட்டும் அதில் கைபடாமல் அப்படியே இருக்கிறது. இன்றைய 'மரபுத் தொழில் மீட்பு'க்காரர்கள் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ அந்த வழிதான். 2016 ஜூலையில் குஜராத்தில் உனாவில், செத்த மாட்டை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். பதிலுக்கு நம் ஆட்கள் சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்தின் முன்னால் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் தாயை நீங்களே எடுத்துப் போடுங்கள் என்றார்கள். அந்தக் குரலுக்கு எதிராக நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. குழிக்குத் திரும்பிப் போகச் சொல்பவன் எவனாக இருந்தாலும் அவன் எதிரி.

ஆனால் வேலையை விடுவது வேறு, அந்த வேலையில் விளைந்த அறிவைப் பறிகொடுப்பது வேறு. நாம் விட்டது இழிவை. அவர்கள் எடுத்துக்கொண்டது அறிவை. வைத்தியத்தில் என்ன நடந்தது? 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். சேரிகளில் கைராசி வைத்தியர்கள் இல்லாத காலமே இல்லை. இன்றைக்குச் சித்த மருத்துவ வரலாறு சொல்பவர்களில் எத்தனை பேர் அதைச் சொல்கிறார்கள்? ஆவாரை விஷயத்தில் இன்னும் மோசம். பூவின் மருத்துவம் 'நம் முன்னோர்' அறிவு. பட்டையின் வேதியியல் 'அந்தச் சாதியின் குலத்தொழில்'. ஒரே செடிக்குள் வருணாசிரமம்.

நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கடன் தாள்களைப் புரட்டுகிறவன். மூலிகைத் தேநீருக்கும் குளியல் பொடிக்கும் திட்ட அறிக்கைகள் வருவதைப் பார்க்கிறேன். 'மூலப்பொருள்: உள்ளூரில் இலவசமாகக் கிடைக்கும்' என்று எழுதியிருக்கும். இலவசமாம். வெயிலில் புறம்போக்கிலும் கரட்டிலும் குனிந்து பறிக்கிற பெண்ணின் முதுகு அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது. அவள் தலையில் ஆவாரந்தழையை வைத்துக்கொண்டு பறிப்பாள், சூடு தாங்க. அந்தத் தழையை இதே மக்கள்தான் காலங்காலமாக நன்செய்ச் சேற்றில் மிதித்து எருவாக்கினார்கள், அடுத்தவன் நிலத்தில். இலங்கையில் இதே பூவுக்கு 'ரணவரா' என்று பேர், அங்கேயும் தேநீராகப் பெட்டியில் விற்கிறார்கள். சந்தை எல்லா இடத்திலும் பூவைத்தான் கேட்கும்.

தெலங்கானாவைப் பாருங்கள். 2014இல் தனி மாநிலம் ஆன கையோடு ஆவாரையை, அவர்கள் தங்கேடு என்பார்கள், மாநில மலராக அறிவித்தார்கள். அந்தப் பூவை அடுக்கிப் பெண்கள் சுற்றி ஆடுகிற பதுக்கம்மா மாநில விழா ஆனது. மண்ணின் பூவை மதித்தது நல்லதுதான், நம்ம செங்காந்தளைவிட உழைக்கிற சனத்துக்கு நெருக்கமான பூ. ஆனால் அதே தங்கேட்டின் பட்டையில்தான் மாதிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டார்கள். அரசாணையில் பூ ஏறியது. பட்டை ஏறவில்லை. பூவை அடுக்கிய வட்டத்துக்குள் யார் வரலாம், எந்தக் குளத்தில் யார் விடலாம் என்று எந்த ஊரும் கேட்டதில்லையா என்ன?

ஆகவே நாம் கேட்பது 'எங்களையும் மரபில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற மனு இல்லை. உங்கள் மரபு மலரில் ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு நன்றி எதிர்பார்க்காதீர்கள். செடியை முழுசாக எழுது என்கிறோம். பூவை எழுதுகிற பக்கத்திலேயே குழியை எழுது. மாலையை எழுதுகிற பக்கத்திலேயே அந்த மாட்டை உரித்தவனை எழுது. அவனுக்குக் கொடுத்த கூலியை எழுது. அவன் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று வைத்திருந்தாய் என்பதை எழுது. எழுத முடியாது என்றால் 'நாட்டார்' என்று தலைப்புப் போடாதே, 'ஊரார் வழக்காறு' என்று போட்டுக்கொள்.

கல்லூரியில் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆய்வேட்டுக்கு ஆவாரை, பூளை என்று தலைப்புக் கிடைத்தால் மறுக்காதீர்கள். பூவைப் பற்றி எழுதிவிட்டார்கள், பட்டைக்குப் போங்கள். குழி வேலை தெரிந்த கைகள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன, எழுபது, எண்பது வயதில், நகம் கறுத்து, விரலில் சுண்ணாம்பு தின்ற தழும்போடு. பழைய தோல் ஷாப்புத் தெருக்களில் இருக்கிறார்கள், செஞ்சியைச் சுற்றியுள்ள சேரிகளிலும் தேடினால் இருப்பார்கள். குழிக்கு என்ன பேர், எத்தனை முழம் ஆழம், ஒரு தோலுக்கு எத்தனை வீசைப் பட்டை, எத்தனையாம் நாள் குழி மாற்றுவது, சாறு பதமானதை நாக்கில் எப்படிக் கண்டார்கள், கூலியாகக் காசு கொடுத்தார்களா தானியமா, கட்டு எடுத்ததற்குக் காட்டு கார்டு காசு கேட்டானா, எல்லாம் கேளுங்கள். அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், இலக்கணத் தமிழாக்கி நாசம் பண்ணாதீர்கள். சிலர் சொல்ல மறுப்பார்கள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள், அதைக் கிளறாதே தம்பி என்பார்கள். அந்த மறுப்பையும் எழுதிக்கொள்ளுங்கள், வற்புறுத்தவேண்டாம், பேரும் போடவேண்டாம். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடியே கிளம்பிவிடுங்கள். அப்போது கரடெல்லாம் பூவாக இருக்கும், ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்துக் கேட்டால் பேச்சு தானாக வரும்.